சூரியனுக்கு மஞ்சள் கலந்த செண்பகராஜ்

இதைப் படித்துவிட்டு யாரும் மதுரைப் பக்கம் போய், பார்க் பார்க்காக ஏறி இறங்கி, வேவ் பூல் தண்ணீரைக் கையில் அள்ளி நிறம் பார்க்க வேண்டாம். அது நீலமாகத்தான் இருக்கும். “இப்போ நீலமாத்தான் இருக்கும், நான் சொல்றது அன்னைக்கு” என்று செண்பகராஜ் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார். அவரை வாயால் ஜெயித்தவர்கள் சிவகாசியில் கிடையாது. வெளியூரிலும் அன்றைக்கு மத்தியானம் ஒரு மணி வரைக்கும் கிடையாது.

சிவகாசி அச்சகங்களில் காலண்டர் சீசன் பொங்கலோடு ஓயும். ஆறு மாசம் ராப்பகலாக மெஷின் ஓட்டியவர்களை, மாசி பிறந்ததும் பஸ் பிடித்துக் குடும்பத்தோடு எங்காவது கூட்டிப் போவது முதலாளிகளின் வழக்கம். போன வருஷம் குற்றாலம். இந்த வருஷம் மதுரையைத் தாண்டி ஒரு தீம் பார்க். செண்பகராஜ் அந்த அச்சகத்தில் மை கலக்கிறவர். ஒரு சேலைத் துணுக்கை நீட்டி “இதே கலர் வேணும்” என்று எந்த வியாபாரி வந்து நின்றாலும், கத்தியால் நாலு தடவை வழித்து, கண்ணாடியில் தேய்த்து, கலந்து கொடுத்துவிடுவார். அதில் பொய்யே கிடையாது. பொய்யெல்லாம் கையைத் துடைத்துவிட்டு வாயைத் திறந்த பிறகுதான்.

அவருடைய மகள் நிவிஷாவுக்கு நாலு வயசு. மற்ற வீட்டுப் பிள்ளைக்கு மஞ்சள் பிடிக்கும் என்றால் மஞ்சளாக எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். மை கலக்கிறவர் பிள்ளை அப்படியா வாங்கும்? அப்பா வேலை முடிந்து வரும்போது நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் மஞ்சள்தான் நிவிக்கு “நம்ம மஞ்ச.” அதில் ஒரு பொட்டு சிவப்பு கூடியிருந்தால் “ஆரஞ்சுக்குப் போற மஞ்ச.” கொஞ்சம் பச்சை சாய்ந்திருந்தால் “சீக்கு மஞ்ச.” இரண்டையும் தொடமாட்டாள். தட்டு, சீப்பு, சாக்ஸ், பல் விளக்குகிற பிரஷ் எல்லாம் நம்ம மஞ்சளில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். அழுகை அதற்கப்புறம்தான் வரும். வந்தால் மூணு தெருவுக்குக் கேட்கும்.

அன்றைக்குக் காலையில் டிக்கெட் கவுண்டரில் நிவியின் கையில் பச்சை ரிஸ்ட் பேண்ட் கட்ட வந்தார்கள். கை பின்னால் போனது. அவள் அம்மா ஜெயக்கனி குனிந்தாள், பேண்டை வாங்கினாள், பிள்ளையின் கணுக்காலில் கட்டி மேலே மஞ்சள் சாக்ஸை இழுத்து விட்டாள். அரை நிமிஷம் ஆகியிருக்காது. யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆள் ஜெயக்கனியின் தங்கச்சி மாரீஸ்வரி. மதுரையில் சட்டக் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறவள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதிலிருந்து டிரைவர், கிளீனர், பார்க் செக்யூரிட்டி என்று மூன்று பேரோடு வாதாடி மூன்றையும் ஜெயித்திருந்தாள். கணுக்கால் வேலையைப் பார்த்ததும் இதற்கு ஒரு பாராட்டு விழா நடத்த வேண்டாமா என்று அவளுக்குத் தோன்றியது. அக்காவோ அதற்குள் பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெயக்கனிக்கு அன்றைக்கு ஒரே ஒரு ஆசை. முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள். “அந்த ரோலர் கோஸ்டர்ல மட்டும் ஒரு தடவை ஏறணும்டி. நீ பக்கத்துல உக்காந்துக்கோ.” கல்யாணத்துக்கு முன்னால் விருதுநகர் பொருட்காட்சியில் ஒரே சாயங்காலம் ஏழு தடவை ராட்டினம் ஏறியவள் அவள். அஞ்சு வருஷமாக எந்த ராட்டினம் என்றாலும் கீழே நின்று எல்லோருடைய பையையும் பிடிக்கிற வேலை அவளுக்கு.

அந்த ரோலர் கோஸ்டருக்கு இடிமின்னல் என்று பெயர். தகரக் கூரைக்குக் கீழே கயிறு கட்டிய வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. போர்டில் மூன்று விஷயம் எழுதியிருந்தார்கள். நாலடிக்குக் குறைந்தவர்கள் ஏறக்கூடாது. ஒரு பெட்டிக்கு இரண்டு பேர், தனியாக ஏற்றமாட்டோம். ஒரு மணிக்கு நிறுத்தினால் மறுபடி மூணரைக்குத்தான். சிவகாசி பஸ் மூணு மணிக்குக் கிளம்புகிறது. மணி இப்போது பன்னிரண்டு பத்து. ஆக, நாலடிக்கு ரொம்பத் தாழ்வாக நின்றுகொண்டு அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கும் நிவியை யாராவது ஒருவர் வெளியே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒருவர் ஏறப் போவதில்லை.

யார் என்று யாரும் பேசவில்லை. பேசாமல் விட்டால் அது யார் தலையில் விடியும் என்று மாரிக்குத் தெரியும்.

“இன்னைக்குப் பேண்ட் விசயத்துல புள்ள ஒண்ணும் பெருசா ஆர்ப்பாட்டம் பண்ணல” என்று ஆரம்பித்தார் செண்பகராஜ். பின்னால் நின்ற மெஷின்மேன் ஞானமுத்து அண்ணாச்சியிடம்தான் சொன்னார், ஆனால் குரல் முழு வரிசைக்கும் இருந்தது. “அன்னைக்குப் பாத்திருக்கணும் அண்ணாச்சி. ஜெயா குரூப் ஃபோர் பரீட்சை எழுதப் போன ஞாயித்துக்கிழமை. இதே பார்க்கு. நானும் எம் மகளும் மட்டும். ஒத்த ஆளா நின்னு சமாளிச்சேன்.”

“ஆரம்பிச்சுட்டாருய்யா” என்றாள் பைண்டிங் செக்‌ஷன் சொர்ணம் அக்கா. ஐம்பத்தெட்டு வயசு. இடிமின்னலில் ஏறாமல் சிவகாசி திரும்புவதில்லை என்று காலையிலேயே பஸ்ஸில் சபதம் போட்டிருந்தாள்.

“அன்னைக்கு ரோஸ் பேண்டு குடுத்தான். நிவி கைய பின்னால கட்டிருச்சு. மஞ்ச பேண்டு யாருக்குடான்னேன். ஓனருக்கு மட்டும்னான். வரச்சொல்லுன்னேன். வந்தாரு. அவரு கையில கிடந்ததப் பாத்துட்டு நிவி சொல்லுது, ‘இது ஆரஞ்சுக்குப் போற மஞ்ச’ன்னு. மனுசன் ஆடிப் போயிட்டாரு. பதினாறு வருசமா தப்பான மஞ்சளயா கட்டிட்டுத் திரிஞ்சேன்னு அங்கனயே உக்காந்து அழுதுட்டாரு.”

“ஓனரு அழுதாராக்கும்.”

“கர்சீப் யாரு குடுத்தா? நான்தான். அப்புறம் கேன்டீன்ல மஞ்சத்தூள் வாங்கி, சிவப்பு அடங்க ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் விட்டு, புள்ளைக்கும் ஓனருக்கும் ஒரே ஷேடுல பூசி விட்டேன்.”

மாரியால் சும்மா இருக்க முடியவில்லை. “அத்தான், மஞ்சத்தூள் கை கழுவினா போயிருமே.”

“போயிரும்தான். அதான் ஓனரு அன்னைக்குப் பூரா கை கழுவல. மத்தியானம் பிரியாணியவே ஸ்பூன்லதான் சாப்புட்டாரு. பாவம், எலும்பக் கடிக்க ரொம்பக் கஷ்டப்பட்டாரு.”

வரிசையில் முன்னால் நின்ற யாரோ ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. செண்பகராஜுக்கு அது போதும். அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம், நாலு காது கிடைத்தால் ஒரு வாரம் தாங்குவார்.

“அது பரவால்ல. குதிரை ராட்டினத்துக்குப் போனோம். பதினெட்டு குதிரை. மஞ்ச ஒண்ணே ஒண்ணு. அதுல ஒரு ரிட்டையர்ட் தாசில்தாரு உக்காந்திருக்காரு. காலையில ஏறினவரு இறங்கல.”

“ஏன் இறங்கல?”

“அவருக்கும் மஞ்சதான் புடிக்குமாம். வயசானா புடிவாதம் கூடும்ல. சார், கொழந்தைக்கு ஒரு ரவுண்டு விடுங்கன்னு கெஞ்சினேன். பட்டா மாறுதலுக்கு வந்தவன் மாதிரி என்னைய ஒரு பார்வை பாத்தாரு. சரி, இது ஆகாதுன்னு ஆபரேட்டர் தம்பிய எந்திரிக்கச் சொல்லிட்டு நான் லிவரப் புடிச்சேன். நம்ம மெஷின் ஓடுற வேகம் தெரியும்ல அண்ணாச்சி? அந்த வேகத்துக்குக் கொண்டு போனேன். குதிரை மேல அடிச்ச பெயிண்டெல்லாம் பிச்சுக்கிட்டுப் பறக்குது. சுத்தி நின்ன சனம் சட்டையெல்லாம் ஹோலி. நிறுத்திப் பாத்தா, அத்தனை குதிரைக்கும் அடிக் கோட்டிங்கு மஞ்ச. அதுவும் நம்ம மஞ்ச. பதினேழு குதிரையும் எம் மகளுக்கு.”

“பதினெட்டுல்ல?” என்றார் ஞானமுத்து அண்ணாச்சி. எண்ணிக்கை தப்பினால் அவருக்குத் தூக்கம் வராது.

“தாசில்தார் குதிரையில மேல மட்டும்தான் மஞ்ச. அது பறந்துருச்சு. அடியில பாத்தா நீலம். மனுசன் ஒரு வார்த்தை பேசாம இறங்கிப் போயிட்டாரு.”

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். “அந்த வேகத்துல நிவி எங்க இருந்தா?”

“எந் தோள்ல.”

“நீ லிவர்கிட்ட. லிவர் ராட்டினத்து மேல. உனக்குத் தல சுத்தல?”

“சுத்தாம இருக்குமா? நல்லாவே சுத்துச்சு. ராட்டினம் சுத்துற வேகத்துக்கே தலையும் சுத்துச்சு. அதனால எனக்கு எல்லாம் நின்ன மாதிரியே தெரிஞ்சது.”

இதற்கு எங்கே மடக்குவது என்று மாரி யோசித்து முடிப்பதற்குள் வரிசை நாலடி நகர்ந்தது. நிவி இதற்குள் கயிற்றைத் தடவி, “இது சீக்கு மஞ்ச” என்று அறிவித்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். ஜெயக்கனி சத்தமில்லாமல் அந்தக் கயிற்றின் மேல் தன் துப்பட்டாவைப் போட்டாள். பிரச்சினை முடிந்தது. இதையும் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் செண்பகராஜ் கதையோடு வேவ் பூலுக்குப் போயிருந்தார்கள்.

“தண்ணி நீலம். எம் மக கால் வைக்கல. வெயிலு மண்டையப் பொளக்குது. எனக்கு வேற வழி தெரியல. பையில எப்பவும் கால் டப்பா லெமன் எல்லோ வச்சிருப்பேன்.”

“பார்க்குக்கு வர்றவரு பையில எதுக்கு மை?” என்றாள் மாரி.

“டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வச்சிருக்கலையா? தொறந்து, விரல்ல ஒரு வழி வழிச்சுத் தண்ணியில விட்டேன்.”

“யோவ், ஆப்செட் மை எண்ணெய்ப் பசை” என்றார் அண்ணாச்சி. முப்பது வருஷ மெஷின்மேனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “தண்ணியில எப்படிக் கரையும்?”

“கரையாது அண்ணாச்சி. அதுக்குத்தான் அலை. அந்தச் சமயம் பாத்து அலையப் போட்டான் பாருங்க, மோர் கடையுற மாதிரி கடைஞ்சு விட்டுருச்சு. நாலு லட்சம் லிட்டர். ஓரஞ்சாரம் விடாம ஒரே ஷேடு.”

சொர்ணம் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். “வேவ் பூலு மஞ்சளாக மை எதுக்குத் தம்பி? ஒரு எல்.கே.ஜி. கிளாசைக் கூட்டியாந்து இறக்கிவிட்டாப் பத்தாதா?”

“அதுல கலர் வரும்க்கா. ஷேடு வராது.”

வரிசையே சிரித்தது. மாரிக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். இந்த மனிதர் இப்படிப் பேசியே எல்லாவற்றிலிருந்தும் நழுவிக்கொண்டிருக்கிறார்.

“ஒரே ஒரு தப்பு நடந்துபோச்சு” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “மை கொஞ்சம் கூடிருச்சு. கிராம் கணக்குல புள்ளிய ஒரு எடம் தள்ளி வச்சுட்டேன். குளத்துக்குள்ள இறங்கின முந்நூறு பேரும் மஞ்சளா வெளிய வந்தாங்க. கண்ணு மொதக்கொண்டு மஞ்ச. காமாலைன்னு ஊரே அலறுது. பதினேழு ஆம்புலன்சு. வாசல்ல கீழாநெல்லி விக்கிற ஆளு ஒருத்தரு உக்காந்திருந்தாரு. அன்னைக்கு வித்த வியாவாரத்துல அன்னைக்கே வீடு கட்டிட்டாரு.”

“ஒரே நாள்லயா?”

“நிலை மட்டும் மறுநாள்தான் வச்சாங்க. ஞாயித்துக்கிழமை நல்ல நேரம் இல்லன்னுட்டாரு.”

மாரி துப்பட்டாவை இடுப்பில் சொருகினாள். பட்டிமன்ற மேடையில் ஏறுவதற்கு முன்னால் அவள் அதைத்தான் செய்வாள். “அத்தான், ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு அக்கா பரீட்சை ஹால விட்டு வெளிய வந்து போனை ஆன் பண்ணினா. முப்பத்தேழு மிஸ்டு கால். யாரு பண்ணினது?”

“நான்தான்.” ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. “பரீட்சை நல்லா எழுதுன்னு சொல்லலாம்னு.”

“முப்பத்தேழு தடவையா?”

“கஷ்டமான பரீட்சை மாரி.”

மறுபடி சிரிப்பு. மாரியின் காது சூடானது. ஜெயக்கனி அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாமல் ரோலர் கோஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ரயில் மேலே ஏறி, உச்சியில் ஒரு நிமிஷம் நின்று, தலைகுப்புற இறங்கியது. அவள் கழுத்தும் அதோடு ஏறி, நின்று, இறங்கியது.

மணி பன்னிரண்டு ஐம்பது. கேட்டில் நின்ற பையன் அளவுக் கம்பைத் தட்டிச் சொன்னான். “இதான் கடைசி டிரிப்பு. கைப்புள்ள வச்சிருக்கவங்க இப்பவே வெளிய வந்துருங்க.”

மாரி பயந்தபடியே நடந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயக்கனி கயிற்றிலிருந்து துப்பட்டாவை எடுத்தாள். நிவியின் கையைப் பிடித்தாள். இன்னொரு கையைப் புருஷனிடம் நீட்டினாள். அவரும் பேச்சை நிறுத்தாமல் பர்ஸ், போன், கூலிங் கிளாஸ் மூன்றையும் அந்தக் கையில் வைத்தார். சுவரில் ஆணியில் சட்டையை மாட்டுகிற மாதிரி வைத்தார். ஜெயக்கனி கயிற்றுக்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள்.

இவள் ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்வதை இவர் எப்போதோ ஒரு தடவை செய்ய முடியாமல் முழித்ததைத்தான் இத்தனை மாசமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று கத்த வேண்டும் போலிருந்தது மாரிக்கு. கத்தினால் என்ன நடக்கும்? இதற்கும் ஒரு பதில் வரும், சிரிப்பார்கள், அக்கா கீழே நிற்பாள். குறுக்கு விசாரணை வகுப்பில் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எதிர்த்தரப்புச் சாட்சி பொய் சொல்கிறானா, தடுக்காதே, ஒரு நாற்காலி போட்டு உட்கார வை, அவனே வேண்டிய தூரம் போவான்.

“ஒரு நிமிசம் நில்லுக்கா” என்றாள் மாரி. பிறகு செண்பகராஜ் பக்கம் திரும்பினாள். “அத்தான், நான் நம்புறேன்.”

அதிர்ந்துபோனது முதலில் செண்பகராஜ்தான். “எத?”

“எல்லாத்தையும். ஓனரு, தாசில்தாரு, கீழாநெல்லி வீடு எல்லாம். ஒரு விசயம் மட்டும் விட்டுட்டீங்க. பார்க் பூரா மஞ்சளாக்கிட்டீங்க. சாயங்காலம் நிவி நிமிந்து பாத்திருப்பாளே? வானத்துக்கு என்ன பண்ணினீங்க?”

சாயங்காலம் வரைக்கும் அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனால் நம்புகிற ஆள் ஒன்று கிடைத்துவிட்ட பிறகு நிறுத்த முடியுமா? வாய் தானாகத் திறந்தது.

“சரியாக் கேட்டம்மா. வக்கீலுக்குப் படிக்கிற புள்ளைன்னா சும்மாவா. ஆறு மணி. சூரியன் இறங்குது. நிவி பாத்துட்டுச் சொல்லுது, ‘அப்பா, ஆரஞ்சுக்குப் போகுது’ன்னு. போகத்தானே செய்யும்? சாயங்காலச் சூரியன்ல செவப்பு தூக்கும். அதுக்காக விட்டுற முடியுமா? ஜெயன்ட் வீல் உச்சிக்குப் போயி, பெட்டியில நின்னுக்கிட்டு, கத்திய நீட்டி ஓரத்துல இருந்த செவப்ப மட்டும் வழிச்சேன். கை கொஞ்சம் சுட்டுச்சு. இந்தா பாரு தழும்பு.”

“அது ஸ்டவ்ல சுட்டது” என்றாள் சொர்ணம் அக்கா.

“அது இந்தக் கை. இது வேற. வழிச்ச செவப்பக் கொட்ட எடம் இல்லாம அழகர்மலைப் பக்கம் உதறினேன். அன்னைக்கு அங்க தக்காளி ஒரு நாள் முன்னாடியே பழுத்துருச்சு. சூரியன் நம்ம ஷேடுக்கு வர்றதுக்குப் பன்னண்டு நிமிசம் ஆச்சு. அதுவரைக்கும் அத இறங்கவிடல. மதுரை ஜில்லா பூரா அன்னைக்குத் தெருவிளக்கு பன்னண்டு நிமிசம் தாமசமாத்தான் எரிஞ்சது. ஈ.பி. ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க.”

“எதுக்குக் கேக்கணும்?” என்றாள் மாரி. “நிவிக்குத் திருப்தியா?”

“சிரிச்சிருச்சு. பாத்துட்டு ‘நம்ம மஞ்ச’ன்னு சொல்லிருச்சு.”

“இதெல்லாம் அக்காவால முடியுமா அத்தான்?”

“உங்கக்காவா?” செண்பகராஜ் அனுதாபத்தோடு ஜெயக்கனியைப் பார்த்தார். “நல்லவதான். ஆனா சூரியன் பக்கமெல்லாம் போகமாட்டா. ஏதாச்சும் துணியப் போட்டு மூடிருவா.”

“என்னால?”

“உன்னால சூரியன்கூட வாக்குவாதம்தான் பண்ண முடியும்.”

“அண்ணாச்சியால? சொர்ணம் அக்காவால?”

“ஏம்மா, இந்தப் பார்க்குல இருக்க ரெண்டாயிரம் பேர்ல யாராலும் முடியாது. நிவி கேக்குற மஞ்சளக் குடுக்க இந்த ஒலகத்துல ஒரே ஆளு. அது நான்தான்.” நெஞ்சில் இரண்டு தடவை தட்டினார். “எழுதி வேணாலும் குடுக்கேன்.”

“எழுத வேண்டாம்” என்றாள் மாரி. “எல்லாரும் கேட்டாச்சு. அப்ப புள்ளைய நீங்க வச்சுக்கங்க அத்தான். தெரியாதவ கையில குடுத்துட்டு நீங்க மேல போயிட்டா, இங்க கீழ ஏதாச்சும் மஞ்சளுக்கு ஆபத்துன்னா யாரு பாக்குறது?”

பெரிய மெஷினை நிறுத்தினால் ஒரு கணம் காது அடைத்துக்கொள்ளுமே, அப்படி இருந்தது வரிசை.

“இல்ல, அது வந்து... எனக்கும் அண்ணாச்சிக்கும் ஒரு பெட்டின்னு பேசி வச்சிருக்கு” என்றார் செண்பகராஜ்.

ஞானமுத்து அண்ணாச்சி அவர் தோளில் கையை வைத்தார். அச்சகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மெஷின் ஓடுவதற்கு முன்னால் முதல் ஷீட்டை எடுத்து ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் காட்டுவார்கள். கலர் சரி என்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் ஓகே ஷீட். அதற்கப்புறம் லட்சம் பிரதி ஓடி முடிந்து, சாமி முகம் பச்சையாக வந்திருக்கிறது என்று அழுதாலும் பேச்சு எடுபடாது. எத்தனையோ பார்ட்டிகளிடம் அந்த ஷீட்டை நீட்டி வாயை அடைத்தவர் செண்பகராஜ்.

“செண்பகம்” என்றார் அண்ணாச்சி, “நெஞ்சத் தட்டி ஓகே பண்ணிட்ட. நாப்பது சாட்சி. மெஷின் ஓடிருச்சுப்பா. நான் சொர்ணத்தோட ஏறிக்கிறேன்.”

“எனக்கு முதுகுல ஒரு பிடிப்பு வேற...”

“சூரியனப் பன்னண்டு நிமிசம் தூக்கிப் பிடிச்ச முதுகு” என்றாள் சொர்ணம் அக்கா. “இதோ ஏழு நிமிசந்தான்.”

ஜெயக்கனி ஒரு காலைக் கயிற்றுக்கு வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்து நின்றாள். “வேண்டாம்டி மாரி. அவரால முடியாது. அழுவா.”

“யாரு அழுவா?” என்றாள் மாரி.

ஜெயக்கனி மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மேலே இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பர்ஸ், போன், கூலிங் கிளாஸ் மூன்றையும் அவர் கையில் திருப்பி வைத்தாள். அதன் மேல் தன்னுடைய கைப்பை, மாரியின் கைப்பை, பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அடுக்கினாள். கடைசியாக நிவியின் கையைப் பிடித்து அவர் சுண்டு விரலில் கோத்துவிட்டாள். அந்த ஒன்றுதான் காலியாக இருந்தது.

இடிமின்னலில் மாரி கண்ணைத் திறக்கவே இல்லை. வாதாடி ஜெயிக்க முடியாத ஒரு சாமான் உலகத்தில் உண்டென்று முதல் வளைவிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கம்பியைக் கட்டிக்கொண்டு தனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னாள். பக்கத்தில் ஜெயக்கனி கத்தவே இல்லை. உச்சியில் ரயில் நின்றபோது மாரி ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். அக்கா இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தலைமுடி பிரிந்து பறக்க, எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு முகத்தை மாரி பார்த்து அஞ்சு வருஷம் இருக்கும். அதற்குள் ரயில் தலைகுப்புற இறங்கியதால் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

இறங்கி வந்தபோது செண்பகராஜ் ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் நின்றார். தனியாக இல்லை. அவருக்கு முன்னால் மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஒரு ஆள் அசையாமல் நின்றிருந்தார். யாரோ புது மாப்பிள்ளை. கையில் மருதாணி கூட அழியவில்லை. நிவி அந்த டீ-ஷர்ட்டின் கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி அவருடைய பொண்டாட்டி கையைக் கட்டிக்கொண்டு வேறு திசையில் பார்த்தாள். கீழே ஒரு மஞ்சள் பலூன், ஒரு மஞ்சள் விசிறி, ஒரு மஞ்சள் தொப்பி மூன்றும் தள்ளுபடி ஆகிக் கிடந்தன.

“ரெண்டே நிமிசம் சார்” என்று செண்பகராஜ் அந்த ஆளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. குரலில் சூரியனைத் தொட்டவரின் தெம்பெல்லாம் இல்லை. “அவங்கம்மா வந்துருவா சார். ஊர்லயே உங்க சட்டை ஒண்ணுதான் சார் சரியான ஷேடு.”

“இதையே பத்து நிமிசமா சொல்றீங்க” என்றார் மாப்பிள்ளை.

ஜெயக்கனி போனாள். அவர் கையில் தொங்கிய தன் கைப்பையைத் திறந்து ஒரு மஞ்சள் கர்சீப்பை எடுத்து நிவியின் கன்னத்துக்கும் டீ-ஷர்ட்டுக்கும் நடுவில் நுழைத்தாள், டீ-ஷர்ட்டை மெதுவாக உருவிவிட்டாள். நிவி கர்சீப்பைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை நன்றி கூடச் சொல்லாமல் ஓடிப்போனார்.

அண்ணாச்சியும் சொர்ணம் அக்காவும் ஆடிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். சொர்ணம் அக்கா ஒரு காலில் செருப்பு இல்லாமல் வந்தாள். எல்லோரும் செண்பகராஜையே பார்த்தார்கள். அவர் பேச்சை மாற்றப் பொண்டாட்டி பக்கம் திரும்பினார்.

“எப்படி இருந்துச்சு?”

ஜெயக்கனி முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டே சொன்னாள். “நல்லா இருந்துச்சு. மேல போயி ஒரு நிமிசம் நின்னுச்சுல்ல, அப்ப சிவகாசி தெரிஞ்சது. நம்ம தெரு, நம்ம வீடு எல்லாம். அங்க மழை வர்ற மாதிரி கருத்துட்டு இருந்துச்சு. கொடியில துணி கிடந்துச்சா, எட்டி எடுத்து, மடிச்சு, பீரோவுல வச்சுட்டு வந்துட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். செண்பகராஜ் பொண்டாட்டியை, அவள் கையை, அந்த இரும்பு உச்சியை ஒன்று மாற்றி ஒன்று பார்த்தார். அஞ்சு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இந்த ஆளைத் தெரியாமல் போய்விட்டதே என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“நூறு கிலோமீட்டர் ஜெயா” என்றார் மெதுவாக. “எல்லாத் துணியுமா எடுத்த?”

“உங்க பனியனத் தவிர” என்றாள் ஜெயக்கனி. “அது இன்னும் காயல.”